நேராக வீட்டுக்குப் போகக் கூடாது

நடு இருக்கையின் பெல்ட் பூட்டியிருந்தது.

மணிலாவிலிருந்து டொராண்டோ போகிற விமானத்தில், அதுவும் விடுமுறை முடிகிற வாரத்தில், நடு இருக்கை காலியாக அமைவதே லாட்டரி அடித்த மாதிரி. ஜன்னலோரத்தில் மரிவெல், நடைபாதையோரத்தில் வில்மோர் என்று ஒரு பெரியவர், நடுவில் யாருமில்லை. வேறொருத்தியாக இருந்தால் அந்நேரம் அதில் கைப்பையையும் ஒரு காலையும் போட்டு இடம் பிடித்திருப்பாள். மரிவெல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆளில்லாத இருக்கையில் பூட்டிய பெல்ட் தொய்ந்துதான் கிடக்கும். இது தொய்யவில்லை. ஒரு மடிக்கு மேல் போகிற மாதிரி வளைந்து, துணியில் படாமல் ஒரு சாண் மேலே நின்றது.

கையை நீட்டிக் கழற்றிவிட்டாள். கொக்கி சில்லென்றிருந்தது. விமானம் மேலேறி, காது அடைத்துத் திறந்து, பின்வரிசைக் குழந்தை அழ ஆரம்பித்த பிறகு திரும்பிப் பார்த்தாள்.

பூட்டியிருந்தது.

"கூயா, இதை நீங்க போட்டீங்களா?" நம் மணிலாப் பக்கத்தில் அண்ணன் வயசுக்காரர் எவரும் கூயா, அக்கா வயசுக்காரி எவளும் ஆத்தே.

"காலி சீட்டுக்கு நான் எதுக்குப் போடறேன்? என்னோடதே தொப்பையைச் சுத்தி எட்ட மாட்டேங்குது." வில்மோர் கப்பலில் இஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். பனி கொட்டுகிற ஊருக்குப் போகிற மனிதர் கடற்கரைச் செருப்போடு வந்திருந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். "தலைவலியாம்மா? தைலம் கமகமன்னு அடிக்குது."

மரிவெல் தைலம் போடவில்லை. தைலம் போடுகிறவள் அவளுடைய அக்கா சோரிங். தலைவலிக்கு, முழங்காலுக்கு, மழைக்கு, மனக்கஷ்டத்துக்கு, எல்லாவற்றுக்கும் அந்தப் பச்சை பாட்டில்தான். அந்த சோரிங்கை அன்று காலையில்தான் சொந்த ஊரான லிப்பாவில் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

வைத்துவிட்டு நேராக வந்திருந்தாள். தப்பு அங்கேதான்.

கல்லறையிலிருந்து கிளம்பினால் நேராக வீட்டுக்குப் போகக் கூடாது. வழியில் எங்கேயாவது இறங்கி, ஒரு காபியைக் குடித்து, உடுப்பை உதறிவிட்டுத்தான் போக வேண்டும். செத்தவருக்கு வழி தெரியாது. நம் முதுகைப் பார்த்துத்தான் பின்னால் வருவார். நடுவில் இறங்கினால் குழம்பி நின்றுவிடுவார். டொராண்டோவில் காலம் தள்ளிய நம் ஜனங்கள்கூட துக்கம் கேட்டுவிட்டு டோனட் கடையில் நுழைவது பசியால் அல்ல. ஆனால் அன்று சாலையில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. வேன் ஓட்டிய சித்தப்பா மகன் நேரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஏர்போர்ட்டும் ஒரு இடம்தானே? அத்தனை கூட்டத்துல சோரிங் அக்கா எவன் பின்னாடியாவது துபாய் போயிடுவா பாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

லிப்பாவைத் தாண்டி சோரிங்குக்கு நன்றாகத் தெரிந்த ஒரே இடம் அந்த ஏர்போர்ட். கனடாவில் மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குச் சோறூட்டப் போன மரிவெல், தன் கைக்குழந்தை ஷெக்கினாவை அக்காவிடம்தான் விட்டுவிட்டுப் போனாள். ஒவ்வொரு முறையும் சோரிங் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்தாள். குழந்தை சோரிங்கை 'நானாய்' என்றது, அதாவது அம்மா. மரிவெல் போனுக்குள் இருக்கிற அம்மா. பிறகு குடியேற்றக் காகிதங்கள் வந்தன. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாள். அதே கண்ணாடி வாசலில் சோரிங்கின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு போனில் ஒரே பேச்சுத்தான். "ஒரு தடவை கூட்டிட்டு வாடி. ஜடை பின்னிவிட்டு அனுப்பிடறேன்."

"அடுத்த லீவுக்கு, ஆத்தே."

டிக்கெட் விலை, பள்ளிக்கூடம், நியாயங்களுக்கா பஞ்சம். சாவுக்கும் குழந்தையைக் கூட்டி வரவில்லை. மரிவெலின் புருஷன் எப்ரேனைப் பற்றி நம் டொராண்டோ கட்டடத்தில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். அவனுக்கு ஜடை பின்ன வராது என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து. அந்த வாரம் முழுக்க ஷெக்கினா தலையில் குருவிக்கூடு.

ஆக, பின்னால் வருகிறவள் யாரைத் தேடி வருவாள் என்று மரிவெலுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சாப்பாடு வந்தது. கோழி தீர்ந்துபோய் மீன்தான் மிச்சம், வழக்கம்தான். பணிப்பெண் ஜோவிலின் ஒரு கம்பளியையும் கொண்டுவந்தாள்.

"கேட்டீங்கல்ல, ஆத்தே. இந்தாங்க."

"நான் கேக்கலையேம்மா."

"பட்டன் அடிச்சுதே." ஜோவிலின் மேலே பார்த்தாள். எரிந்துகொண்டிருந்தது நடு இருக்கையின் விளக்கு. "பரவாயில்ல, இங்கயே இருக்கட்டும். பனி நேரம், தேவைப்படும்." கம்பளியை நடு இருக்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு விளக்குகளை அணைத்தார்கள். இஞ்சினின் ஒரே சீரான முனகலுக்கு அடியில் யாரோ இருமுவதும், கழிப்பறைக் கதவு மடங்கித் திறப்பதும், பின்வரிசைக் குழந்தை விக்கி விக்கி ஓய்வதும் கேட்டன; ஆறிய மீனும் நனைந்த சாக்ஸுமாக நாறிய காற்றை மீறிக்கொண்டு தைலம் வந்தது, தைலத்துக்கு அடியில் அணைந்த மெழுகுவர்த்தியும் வாடிய மல்லிகையும் வந்தன. மரிவெல் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் விழுந்தது.

நடு இருக்கையின் திரை எரிந்தது.

கடலும், கடல் மேல் குட்டி விமானமும். மரிவெல் பறக்கும்போதெல்லாம் சோரிங் போனில் இதைத்தான் வைத்துக்கொண்டு உட்காருவாளாம். 'அம்மா எங்க போறா பாரு' என்று குழந்தைக்குக் காட்டுவாளாம். பக்கத்தில் மடித்து வைத்த கம்பளி இப்போது விரிந்திருந்தது. இரண்டு முழங்கால் அளவுக்குப் புடைத்திருந்தது.

வரைபடம் நகர்ந்தது. யாரும் தொடவில்லை. ஆனால் திரைக் கண்ணாடியில் விரல் வைத்த இடத்தில் எண்ணெய்த் தடம் விழுந்தது. ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. கடல் விலகியது. கனடா வந்தது. ஏரி வந்தது. முதல் தடவை விமானம் ஏறியவளின் நிதானம். தேடித் தேடி. ஊர் வந்தது.

விமானத்து வரைபடம் ஊர்ப் பெயரோடு முடிந்துவிடும். இதில் மரிவெல் வீட்டுத் தெரு வந்தது.

மரிவெல் திரையை அணைத்தாள். எரிந்தது. கைப்பையை வைத்து மறைத்தாள். பை மடியில் திரும்பி வந்து விழுந்தது.

"கூயா." தோளைத் தட்டினாள். "கூயா, வீட்டுக்கு ஒரு சேதி அனுப்பணும். என்கிட்ட இணைய வசதி இல்ல."

வில்மோர் அரைத்தூக்கத்தில் போனை நீட்டினார். "மகன் காசு கட்டியிருக்கான். உலகத்துக்கே அனுப்பு." அவள் கை பட்டதும் எழுந்து உட்கார்ந்தார். "என்னம்மா கை இப்படி ஐஸா இருக்கு? ஏய் ஜோவிலின், கொஞ்சம் சுடு தண்ணி கொண்டா."

ஜோவிலின் இஞ்சி போட்டே கொண்டுவந்தாள். "துக்கத்துக்கு வந்தீங்களா, ஆத்தே?" என்று மட்டும் கேட்டு, தம்ளரோடு சேர்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சூட்டில்தான் மரிவெலுக்கு எழுத்து கூடியது.

'நான் மரிவெல். ஷெக்கியை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டு வராதே. வீட்டுலயே இருக்கட்டும். நான் எங்கயாவது உக்காந்துட்டு வர்றேன்.'

கொஞ்ச நேரத்தில் எப்ரேன் பதில் போட்டான். 'உதறலையா?'

'இல்ல.'

'நல்லா உதறிட்டு வா. நாங்க இங்கயே இருக்கோம்.'

போனைத் திருப்பிக் கொடுத்தபோது பக்கத்தில் டக் என்றது.

பெல்ட் கழன்றிருந்தது. திரை கறுத்திருந்தது. கம்பளி தட்டையாகக் கிடந்தது. மூக்கை இழுத்துப் பார்த்தாள். மீன் வாடை மட்டும்தான். அவ்வளவு பெரிய கடல் நடுவில் அக்கா குழம்பி இறங்கிவிட்டாள் என்று நினைத்தாள். மனசு வலித்தது. ஆனாலும் தூங்கினாள்.

இறங்கும்போது வில்மோர் அவள் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். குடியேற்ற வரிசை பாம்பு மாதிரி நீண்டிருந்தது. மரிவெல் சடங்கில் எதையும் குறைக்கவில்லை. ஒரு டோனட் கடையில் காபி ஆறும்வரை உட்கார்ந்தாள். சந்தேகத்துக்கு இன்னொரு கடை. கோட்டைக் கழற்றிப் பனியில் உதறினாள், காலைத் தட்டினாள், வேறு தெரு வழியாகச் சுற்றினாள். வீட்டுக் கதவைத் திறந்தபோது மாலை வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது.

சோபாவில் எப்ரேன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தலைமாட்டில் ஒரு கம்பளி, விமானத்துக் கம்பளி, அழகாக மடித்து வைத்திருந்தது.

தைலம் அடித்தது.

வழி தெரியாதவர்கள்தான் முதுகைப் பார்த்து வர வேண்டும். வழியைப் பார்த்துவிட்டவளுக்கு மரிவெலின் முதுகு எதற்கு? ஒரு கடை, இரண்டு கடை, ஒரு சுற்று. அத்தனை நேரத்தையும் அவளுக்குக் கொடுத்திருந்தாள்.

உள்ளறையில் ஷெக்கினா தரையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். குருவிக்கூடு இல்லை. எண்ணெய் வைத்து, நேர் வகிடு எடுத்து, இடது பக்கம் ஒரு ஜடை முடிந்து ரிப்பன் கட்டியிருந்தது.

"ஷெக்கி."

"அசையக் கூடாதாம், அம்மா." குழந்தை திரும்பவில்லை. "நானாய் இன்னும் முடிக்கல."

அவள் தலை லேசாகப் பின்னால் இழுபட்டது. வலது பக்கத்து முடி காற்றில் எழுந்து மூன்றாகப் பிரிந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. இறுகியது. ஏறியது. இறுகியது.