அப்பா சொல்லாத செய்தி

மூன்று நாளாக அந்த வீட்டில் சின்னவளுக்குத்தான் வேலை அதிகம். அப்பாவும் அக்காவும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. செய்தியெல்லாம் பத்து வயதுச் சின்னவள் வழியாகத்தான் போய்வந்தது.

"உங்க அக்காகிட்ட சொல்லு. கம்ப்யூட்டர் எஞ்சினியரிங்தான் நல்லது. உக்காந்த இடத்துல வேலை."

"அப்பாகிட்ட சொல்லு. எனக்கு மெக்கானிக்கல்தான் வேணும்."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?" என்றாள் சின்னவள். யாரும் சிரிக்கவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

கல்லூரி விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் கணினியில் பதிய வேண்டும். பதிந்தால் பதிந்ததுதான், மாற்ற முடியாது. இப்போதே மணி நாலரை. அக்காவின் கண்கள் அழுது அழுது வீங்கியிருந்தன.

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். போன வருடம் ஒரு லிஃப்டின் பிரேக் நழுவியதில் அவருடைய இடக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. மெக்கானிக்கல் என்ற பேச்சை எடுத்தாலே அந்தக் கை மேசைக்கு அடியில் போய்விடும். சின்னவள் அதைக் கவனித்திருந்தாள்.

"அவகிட்ட சொல்லு," என்றார் அப்பா. "என்னமோ இஷ்டம்போல செய்யட்டும். எனக்கென்ன வந்துது?"

கை மேசைக்கு அடியில்தான் இருந்தது.

சின்னவள் அதைப் பார்த்தாள். பிறகு அக்காவிடம் திரும்பினாள்.

"அப்பாவுக்குப் பயமா இருக்காம். உன் கையும் அவர் கை மாதிரி ஆயிடுமோன்னு."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று அதட்டினார் அப்பா. குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது.

அக்கா நிமிர்ந்தாள். "அப்பாகிட்ட சொல்லு..." என்று தொடங்கியவள், அப்பாவையே பார்த்தாள்.

"அந்த பிரேக் நின்னிருந்தா உங்க விரல் போயிருக்காதுப்பா. நழுவாத பிரேக் ஒண்ணு நான் செய்யணும். அதுக்குத்தான் கேக்கறேன்."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா உங்களுக்கு அந்த நாள் ஞாபகம் வந்துடுமேன்னு."

"அத நான் எங்க மறந்தேன்?" அப்பா கணினியை அவள் பக்கம் தள்ளினார். "மணி ஆகுது. மெக்கானிக்கலே போடு. ஆனா என் பயம் போயிடுச்சுன்னு மட்டும் நெனைக்காத."

அக்கா பதிந்து முடித்தாள். அப்பாவின் முகம் இன்னும் வாடித்தான் இருந்தது.

"தண்ணி வேணுமாப்பா?" என்று அக்கா அவரிடமே கேட்டாள்.

இனி இங்கே தனக்கு வேலை இல்லை என்று தெரிந்துகொண்ட சின்னவள், செருப்பை மாட்டிக்கொண்டு விளையாட ஓடினாள்.