ஆள் இருக்கிற கட்டடம்

செருப்பு திரும்பிக் கிடந்தது.

சற்று முன்னால்தான் தரகன் அதைத் தன் கையால் வைத்துவிட்டு மேல்மாடிக்குப் போயிருந்தான். நாலாம் மாடியில், தையல்காரம்மா குடியிருந்த வீட்டு வாசலில், நுனி கதவைப் பார்க்கும்படி வைத்திருந்தான். வெளியிலிருந்து வருகிறவர்கள் அப்படித்தான் கழற்றிப் போடுவார்கள். இப்போது நுனி படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து கிளம்புகிறவர் காலை நுழைக்கத் தோதாக, ஜோடி சேர்ந்து, ஒட்டிக் கிடந்தது.

காவல்காரனின் கால் பட்டிருக்கும் என்று தரகன் நினைத்தான். மூட்டு வலிக்காரன் அந்தக் காவல்காரன். நாற்காலியை விட்டு எழுந்ததை யாரும் கண்டதில்லை. இருந்தாலும் பயப்படுகிறவனுக்கு ஒரு சாக்கு வேண்டுமே. குனிந்து திருப்பி வைத்தான்.

வீட்டு விலை உருண்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. நகரத்தில் சொந்த வீடு நம் தலையில் எழுதவில்லை என்று இருந்த சின்னச் சம்பளக்காரர்கள்கூட, லீவு நாளானால் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்பினார்கள். சுவரைத் தட்டுவார்கள், குழாயைத் திறப்பார்கள், ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். மலிவாக ஒரு வீடு வந்தால் மனுஷனுக்கு ஆசைக்கு முன்னால் சந்தேகம் வரும். வரத்தான் வேண்டும். சிரித்துக்கொண்டே சாவி நீட்டுகிறவனைச் சந்தேகப்படாதவன் பிழைத்ததாகக் கதையே இல்லை. அதிலும் கட்டடம் காலியாகக் கிடக்கிறது என்று தெரிந்தால் போதும், பெண்டாட்டி புருஷன் கையைக் கிள்ளுவாள். முடிந்தது.

அதற்குத்தான் செருப்பு.

வீடு பார்க்க ஆள் வருகிற நாளில் தரகன் ஒரு சாக்குப் பையோடு முன்னாலேயே வந்துவிடுவான். சத்தம் கேட்கக்கூடாது என்று தன் ஷூவை நாலாம் மாடியில் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு மாடி மாடியாக ஏறி இறங்கி, பூட்டிய வீட்டு வாசல்களில் செருப்புகளைப் பரப்புவான். ஒரு வாசலில் ஆம்பளைச் செருப்பும் பொம்பளைச் செருப்பும். இன்னொன்றில் குழந்தையின் ரப்பர் செருப்பு, ஒன்று கவிழ்ந்து, ஒன்று நிமிர்ந்து. மூன்றாம் மாடியில் ஒரு வீட்டுக்குள் ரேடியோவை மெல்லப் பாடவிட்டுக் கதவைப் பூட்டுவான். யார் போய்த் தட்டிப் பார்க்கப் போகிறார்கள்? வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. உலகம் அவ்வளவுதான்.

செருப்புகளுக்கு அவன் எங்கேயும் அலையவில்லை. இதே கட்டடத்தில் இருந்து அவன் கிளப்பிவிட்டவர்கள் போட்டுவிட்டுப் போனவைதான் எல்லாம். விலை சரியத் தொடங்கியதும், "இன்னும் விழும், இப்பவே குடுத்துடுங்க" என்று வீடு வீடாக வாய் கிழியப் பேசினான். நம்பாதவர்களுக்கு மச்சானை அழைத்து வந்தான். பெண்டாட்டியின் தம்பி. வாங்குகிறவன் மாதிரி வந்து, மூக்கைச் சுளித்து, அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிட்டுப் போவான். அவனுக்குப் பிறகு யார் கேட்டாலும் அது நல்ல விலையாகத் தெரியும். அந்த நல்ல விலைக்குத் தரகனே வாங்கிக்கொண்டான்.

தையல்காரம்மாதான் கடைசி வரை அசையவில்லை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஒரு கால் சரியில்லை. பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே சொல்வாள்: "கிழிஞ்சது எதுவா இருந்தாலும் குடு தம்பி. தச்ச இடம் தெரியாம தச்சுத் தரேன்." அவன் சட்டையில் ஒன்றுக்கு அவள் தையல் போட்டதும் உண்டு. காசு வாங்கவில்லை.

அவளும் ஒருநாள் கையெழுத்துப் போட்டாள். வேறு வீடு பார்க்கும் வரை இருந்துகொள்கிறேன் என்றாள். "தாராளமா இருங்கம்மா, உங்களை யாரு விரட்டுறா" என்றான். மறுவாரம் தண்ணீரை நிறுத்தினான். அதற்கடுத்து விளக்கை நிறுத்தினான். இருட்டில் குடத்தோடு இறங்கியவள் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் படி தவறினாள். பகல் வேலைக்கு வந்த காவல்காரன் காலையில் சொல்லித்தான் தெரிந்தது. உடனே போகவில்லையாம் உயிர். ராத்திரி முழுக்கக் கூப்பிட்டிருப்பாள். கேட்கத்தான் அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை. தரகன் அத்தனை பேரையும் காலி பண்ணியிருந்தான்.

தையல் மெஷினை இரும்புக் கடைக்குப் போட்டான். வாசலில் கிடந்த செருப்பைச் சாக்கில் போட்டுக்கொண்டான். இடது செருப்பின் வார் அறுந்து, கறுப்பு நூலால் நெருக்க நெருக்கத் தைத்திருந்தது. நல்ல தையல். இன்னும் உழைக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

போன் அடித்தது. மச்சான்.

"மாமா, பார்ட்டி கிளம்பிட்டாங்களாம். நான் வாசல் கேட்டுக்கிட்ட நிக்கிறேன். இன்னைக்கு நான் எந்த மாடிக்காரன்?"

"அஞ்சாம் மாடி. பேங்க்ல வேலை. ஜாஸ்தி பேசாத."

"போன தடவை டாக்டர்னீங்க. அந்தம்மா நாக்கை நீட்டிடுச்சு."

"வாயை மூடிக்கிட்டு அவங்களை மேல கூட்டிட்டு வா. இது போகலைன்னா உங்க அக்கா தெருவுலதான் நிக்கணும், தெரியுமில்ல?"

விளையாட்டுப் பேச்சில்லை அது. இந்த வீடுகளை வளைத்துப் போடத் தன் வீட்டை அடமானம் வைத்திருந்தான். விலை விழும் விழும் என்று ஊரைப் பயமுறுத்தியவன், தான் வாங்கிய பிறகும் அது விழுந்துகொண்டே இருக்கும் என்று நினைக்கவில்லை. தையல்காரம்மா வீட்டுக்கு எதிர் வீட்டை இன்று தள்ளியாக வேண்டும். தள்ளாவிட்டால் அவன் வீட்டு வாசலுக்குப் பூட்டு மாற்ற ஆள் வரும்.

ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று இறங்கினான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, படிக்கட்டு ஜன்னலின் தூசிக் கண்ணாடி வழியாகக் கழுநீர் மாதிரி ஒரு வெளிச்சம் வந்து சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது, நாள்பட மூடிக் கிடக்கிற வீடுகளுக்கே உரிய அந்த வாடை, ஈரச் சுண்ணாம்பும் வற்றிப்போன சாக்கடைக் குழாயும் செத்த பல்லியும் சேர்ந்த வாடை, ஒவ்வொரு கதவுக்கும் அடியிலிருந்து கசிந்து அவன் வெறுங்காலைச் சுற்றியது. நடுத் திருப்பத்தை மட்டும் எப்போதும் போலத் தாண்டி மிதித்தான். கீழே ரேடியோவில் யாரோ ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மாடி வாசலில் குழந்தையின் ரப்பர் செருப்பு இரண்டும் நிமிர்ந்து, சேர்ந்து, படிக்கட்டைப் பார்த்துக் கிடந்தன.

பக்கத்து வாசலில் ஆம்பளைச் செருப்பு. அதுவும் வெளியே பார்த்து. அதற்குப் பக்கத்தில் பொம்பளைச் செருப்பு. அதுவும்.

"யாருடா அது?" என்றான். குரல் படிக்கட்டில் இறங்கிப் போய், கீழே எங்கேயோ முட்டி, அவனிடமே திரும்பி வந்தது.

குனிந்து குழந்தைச் செருப்பைத் தொட்டான். உள்பக்கம் சூடாக இருந்தது. இப்போதுதான் காலை எடுத்த மாதிரி.

ரேடியோ நின்றது.

அந்த அமைதியில், மேலே, அவன் தாண்டி வந்த நாலாம் மாடியில், ஒரு சத்தம் தொடங்கியது. மெல்ல. பிறகு சீராக. டக டக டக டக. நின்றது. துணியைத் திருப்புகிற நேரம். மறுபடி டக டக டக.

இரும்புக் கடைக்காரன் மெஷினை உடைத்ததைக் கண்ணால் பார்த்தவன் அவன்.

வாசல்களைத் திரும்பிப் பார்த்தான். ஒரு செருப்பும் இல்லை.

தூசியில் அவற்றின் தடம் மட்டும் இருந்தது. அப்போதுதான் கீழிருந்து கேட்டது. ரப்பர் செருப்பு. அதன் பின்னால் கனத்த செருப்பு. இன்னொன்று. இன்னும் பல. அவசரமில்லாமல், வீடு திரும்புகிறவர்கள் ஏறுகிற மாதிரி ஏறின. பேச்சில்லை. மூச்சில்லை. செருப்புச் சத்தம் மட்டும். அவற்றுக்கு நடுவே ஒன்று தனியாகக் கேட்டது. சட். சரக். சட். சரக். ஒரு கால் சரியில்லாத நடை.

ஓடினான். நடுத் திருப்பத்தில் கால் வழுக்கியது. ஈரம். யாரோ குடத்தைச் சாய்த்த மாதிரி படியெல்லாம் தண்ணீர். முட்டி அடிபட விழுந்து, எழுந்து ஓடினான். நாலாம் மாடி. எதிர் வீட்டுச் சாவி. பூட்டில் நுழையவில்லை. அவன் மாற்றிய பூட்டு, அவன் சாவி, நுழையவில்லை. ஐந்தாம் மாடியிலிருந்தும் செருப்புகள் இறங்கி வந்தன.

முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்தது.

தையல்காரம்மா வீடு. உள்ளே இருட்டு. மெஷின் சத்தம் நின்றிருந்தது. சரக் சரக் என்று படியில் அது வந்துகொண்டிருந்தது. அது வெளியில்தானே இருக்கிறது? அப்படியானால் உள்ளே இருக்காது. பாய்ந்தான். கதவைச் சாத்தினான். மேல் தாழ். கீழ் தாழ். நடுத் தாழ்.

வெளியே செருப்புகள் வந்தன. நின்றன. ஒவ்வொன்றாக, ஒழுங்காக, கழன்றன.

அப்புறம் ஒன்றுமில்லை.

கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு மூச்சு வாங்கினான். பார்ட்டி வரட்டும். மச்சான் வரட்டும். ஆள் வந்தால் சரியாகிவிடும். அவன் சுரண்டிக் காலி பண்ணிய வீடு. ஒரு ஆணிகூட விட்டு வைக்கவில்லை. ஆனால் மூக்கில் மெஷின் எண்ணெய் வாடை ஏறியது. புதுத் துணி வாடை. பின் கழுத்தில் ஒரு மூச்சு. பல்லில் நூல் அறுபடும் சத்தம்.

"கிழிஞ்சிருக்கு தம்பி."

அசைய முடியவில்லை.

"தச்சுடறேன்."

படிக்கட்டில் பேச்சுக் குரல் கேட்டதும்தான் அவனுக்கு நினைவு வந்தது. அதே கதவு. அதே இருட்டு. கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தான். வெளியே விளக்கு எரிந்தது. மச்சான். கூடவே ஒரு இளம் புருஷனும் மாசமான பெண்டாட்டியும்.

"தரகர் இங்கதான் இருப்பாரு, போன் எடுக்க மாட்டேங்கிறாரு. பரவால்ல, எங்கிட்டயும் ஒரு சாவி குடுத்து வச்சிருக்காரு" என்று மச்சான் எதிர் வீட்டைத் திறந்தான். சாவி வெண்ணெயில் போவது போலப் போனது.

தரகன் கதவைக் குத்தினான். கை மரத்தில் பட்டது, சத்தம் வரவில்லை. கத்தப் பார்த்தான்.

வாய் திறக்கவில்லை.

அந்தப் பெண் திரும்பி அவன் பக்கமே பார்த்தாள். கண்ணுக்கு நேர் கண். பிறகு குனிந்து வாசலைப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது.

"இங்க ஆள் இருக்காங்கங்க. ஷூ கிடக்கு பாருங்க. பக்கத்துல ஒரு பொம்பளைச் செருப்பு, வாரெல்லாம் தச்சுப் போட்டது. வயசானவங்க போல."

"நான்தான் சொன்னேன்ல, பயப்படாதேன்னு" என்றான் புருஷன்.

மச்சானும் எட்டிப் பார்த்தான். ஷூவை அடையாளம் கண்டுகொண்டான். மாமா தன் ஷூவையே வைத்து ஜோடித்திருக்கிறாரே என்று நினைத்திருப்பான். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்:

"தங்கமான மனுஷங்கம்மா. நீங்க நிம்மதியா வரலாம். ராத்திரி முழுக்க உள்ளேதான் இருப்பாங்க, ஆனா சத்தமே வராது."

இருட்டில் தரகன் கையை உயர்த்தி உதட்டைத் தடவினான். ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய் வரை, நெருக்க நெருக்க, மேடு தட்டாமல், ஓடியிருந்தது நூல்.