வறண்ட ஆற்றுக் கல்

முந்தின நாள் சாயங்காலம் வாளி நிறையக் கரைத்து மூடி வைத்த பூச்சு, செவ்வாய்க்கிழமை காலையில் வளர்மதி மூடியைத் திறந்தபோது பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்து கிடந்தது. சுட்ட டம்ளருக்குப் பளபளப்புக் கொடுக்கிற பூச்சு அது. மோர்ப் பதத்தில் இருக்க வேண்டும், விரலை விட்டு எடுத்தால் நகத்தில் பால் மாதிரி ஒட்டி வழிய வேண்டும். வாளியைத் தூக்கி அடியைத் தடவிப் பார்த்தாள். ஒழுகவில்லை. தரையில் ஈரமும் இல்லை.

"வெயிலு அப்பிடி அடிக்குதுக்கா, அதான் காஞ்சிருச்சி," என்றாள் ஆராயி. பதினைந்து வருடமாக அந்த ஷெட்டில் வேலை செய்கிறவள் அவள். எதற்கும் வெயிலைத் திட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிற ரகம்.

வளர்மதி ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். கரையும் சத்தம் வரவில்லை. கோடை மழையின் முதல் துளிகளை மணல் இழுத்துக்கொள்ளும்போது வருமே, அந்த மாதிரி மெல்லிய ஒரு சத்தம் வாளிக்குள்ளிருந்து வந்து நின்றது. இன்னொரு செம்பு. அதுவும் உள்ளே போயிற்று. ஐந்தாவது செம்புக்குப் பிறகுதான் பதம் வந்தது. மறுபடி காய்ந்துவிடப் போகிறதே என்ற பயத்தில் இருவரும் அவசர அவசரமாக டம்ளர்களை முக்கி எடுத்துப் பலகையில் வைத்தார்கள்.

அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு டம்ளர். ஆனால் ஒரு வாளிப் பூச்சைக் கொட்ட எந்தப் பீங்கான் தொழில்காரிக்கு மனசு வரும்? கை தன் பாட்டுக்கு எடுத்தது, முக்கியது, வைத்தது. நிமிர்ந்து பார்த்தபோது பலகையில் முப்பத்திரண்டு இருந்தன.

அவள் புருஷன் கலியமூர்த்தி போன ஆவணியில் செத்துப்போனார். இருபத்திரண்டு வருடம் இருவருமாகக் கட்டி எழுப்பிய ஷெட், பின்னால் ஒட்டினாற்போல ஓர் அறை, ஒரு அடுப்பு. அதுதான் வீடு. பிள்ளை இல்லை. தொழிற்பேட்டையின் அந்த வரிசையில் பாதி ஷெட்டுகள் பூட்டிக் கிடந்தன. ஆராயி ஐந்து மணிக்கு முகம் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டால், அடுத்த மனிதக் குரலைக் கேட்க விடிய வேண்டும். வளர்மதி சில நாள் போனில் நேரம் சொல்கிற பெண்ணின் குரலைக்கூட இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டாள். நாலு மணி டீயை மட்டும் தாங்க முடியவில்லை. அந்த நேரத்துக்கு அவர்தான் டீ போடுவார். இஞ்சி கூடுதலாக இருக்கும், சர்க்கரை இருக்கவே இருக்காது, ஆனாலும் பெருமையாகக் கொண்டுவந்து நீட்டுவார். எட்டு மாதமாக அவள் டீயே குடிக்கவில்லை.

மணிமுத்தாற்றில் கரைத்த எலும்பு அடியில் போய்க் கூழாங்கல்லாகும் என்பது விருத்தாசலத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் இந்த ஊர்க்காரர்கள் காசிக்கு டிக்கெட் எடுப்பதில்லை. திட்டக்குடியிலிருந்தும் கம்மாபுரத்திலிருந்தும் கலயத்தைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார்கள். மாசி மகத்தன்று ஆறு கொள்ளாத கூட்டம் நின்று, செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும். பிறந்த பிள்ளைக்கு மொட்டை போடுவதும் அங்கேதான், கடைசியாகக் கரைவதும் அங்கேதான்.

கலியமூர்த்தியின் எலும்பைக் கொண்டுபோன அன்று ஆற்றில் தண்ணீர் இல்லை. கொழுந்தன் திருமால் மணலை முழங்கை ஆழம் தோண்டியிருக்கிறான். ஊறியது ஒரு கை அளவுகூட இல்லை. அதிலேயே வைத்து மூடிவிட்டு வந்தான். "தண்ணி வந்தா தானா கரைஞ்சிடுவாரு அண்ணி, கவலப்படாதீங்க," என்றான். கார்த்திகையில் மூன்று நாள் தண்ணீர் வந்தது. அதுவும் எதிர்க்கரையை ஒட்டியே ஓடிப் போய்விட்டது. வளர்மதி பாலத்தின் மேல் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்த மனுஷன் மேல் ஒரு வாய்த் தண்ணீர் படவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவள் தனியாக ஆற்றில் இறங்கினாள். படித்துறைக்கு மேற்கே, சாய்ந்த கருவேல மரத்துக்கு நேர் கீழே என்று திருமால் சொல்லியிருந்தான். கையாலேயே தோண்டினாள். எலும்பு இல்லை. கற்கள் இருந்தன, பதினொன்று. வெளுத்து, வழுவழுவென்று, கல்லுக்கு இருக்க வேண்டிய கனம் இல்லாமல். ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். எது அவர் என்று தெரியவில்லை. புருஷனைத் தொட்டால் தெரியாதா என்று தன் மேலேயே கோபம் வந்தது. கடைசியில் பதினொன்றையும் முந்தானையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

பூச்சு அரைப்பதற்கு ஒரு பீங்கான் ஜாடி உண்டு. பொடியையும் தண்ணீரையும் கூழாங்கற்களையும் போட்டு மூடி, மோட்டார் உருளையின் மேல் வைத்தால் நாள் முழுக்கச் சுற்றும். கற்கள் உருண்டு உருண்டு பொடியை மையாக்கும். உருளுகிற கல்லும் கொஞ்சம் தேயும். தேய்ந்தது பூச்சில் சேரும். அந்தப் பூச்சில் ஒரு டம்ளர். அந்த டம்ளரில் நாலு மணி டீ. இவ்வளவுதான் அவள் ஆசை. பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும், தெரிந்து என்ன? திங்கட்கிழமை ஜாடியைச் சுற்றவிட்டாள். சாயங்காலம் பூச்சை வாளியில் வடித்தபோது, தேய்ந்த ஒரு சில்லுகூட ஜாடியில் மிஞ்சவில்லை. பதினொரு கல்லும் கரைந்திருந்தன.

செவ்வாய் சாயங்காலம் டம்ளர்களை அடுக்கிச் சூளையை மூட்டினார்கள். புதன்கிழமை காலையில் அணைத்தார்கள். ஆற ஒரு நாள் விட வேண்டும். அந்த ஒரு நாளில் ஷெட்டின் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. டிரம்மில் கழுத்தளவு இருந்தது மத்தியானம் இடுப்பளவுக்கு இறங்கியது. மண்ணை மூடியிருந்த ஈரச் சாக்கு மொடமொடவென்று விறைத்தது. கதவோரம் அவள் வளர்த்த துளசி, மண்ணோடு சேர்ந்து சுருங்கி, தொட்டியின் சுவரை விட்டு விலகி நின்றது. சூளைப் பக்கம் போனால் சுட்ட மண்ணின் வாசனைக்குப் பதிலாக வேறு ஒன்று அடித்தது: வெறும் ஆற்றில் மத்தியான வெயிலில் நடக்கும்போது மூக்கை அடைக்கிற, பாசி காய்ந்த, சாம்பல் கலந்த நாற்றம்.

ஆராயி வந்து உள்ளங்கைகளை நீட்டினாள். பூச்சில் முக்கிய இடம் மணிக்கட்டு வரை வெளுத்து, சுண்ணாம்பு அடித்த மாதிரி தோல் வெடித்திருந்தது. வெடிப்பில் ரத்தம் இல்லை.

"யக்கா, ஜாடிக்கு என்னா கல்லு போட்டீங்க?"

வளர்மதி பொய் சொல்லப் பார்த்தாள். வரவில்லை. "ஆத்துக் கல்லு. அவர வச்ச எடத்துல எடுத்தாந்தேன்."

ஆராயி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ யக்கா... அந்த எடத்துல அவரு ஒருத்தருதானா? எங்கப்பா அங்கதான். எத்தினி ஊரு சனம் அங்க கெடக்குது. ஆத்துல தண்ணி இருந்தா அதது குடிச்சிட்டு செவனேன்னு கெடக்கும். இப்ப எல்லாம் நாக்கு வறண்டு கெடக்குதுங்க. அதுங்களப் போயி வூட்டுக்கு அழைச்சாந்திருக்கீங்களே."

"எனக்கு அவரு வேணும், ஆராயி."

"சூளையத் தொறக்காதீங்க. அப்பிடியே சாக்குல அள்ளி ஆத்துலயே போட்டுட்டு வந்துடலாம். நானும் வரேன்."

"தொறந்து ஒன்னே ஒன்ன எடுத்துக்கிறேன். மிச்சத்தப் போட்டுடலாம்."

"எத எடுப்பீங்க?"

வளர்மதி சூளைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.  ஆராயி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எப்போதும் சொல்கிற "போயிட்டு வரேன்" என்பதைச் சொல்லாமல் போனாள்.

வியாழக்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. வளர்மதி மூன்றரை மணிக்குச் சூளைக் கதவைத் திறந்தாள். முப்பத்திரண்டு டம்ளரும் ஒரு கீறல் இல்லாமல் வந்திருந்தன. அத்தனை வருடத்தில் அப்படி ஒரு வெண்மையை அவள் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகத் துடைத்துச் சுவரோர அலமாரியில் அடுக்கினாள். அடுக்கும்போது விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டாள். கணீரென்று ஒன்று, மங்கலாக ஒன்று. இருபதைத் தாண்டிய பிறகு ஒரு டம்ளர், தட்டியதும் தொண்டையைச் செருமியது.

அவரும் அப்படித்தான் செருமுவார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "என்னங்க," என்றாள். எட்டு மாதம் கழித்து அந்த வார்த்தை வாயில் புதிதாக இருந்தது.

டிரம்மில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடுப்படியில் பூட்டிவைத்த கேனில் கால் பங்கு இருந்தது. அதில் டீ போட்டாள், இஞ்சி கூடுதலாக. டம்ளரில் ஊற்றி எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விளிம்பு வரை இருந்த டீ மெதுவாக இறங்கியது. பாதி. கால். அடி தெரிந்தது. அடியில் டீத்தூள்கூட இல்லை.

"நல்லாருக்குதா?" என்றாள். மறுபடி ஊற்றினாள். மறுபடி இறங்கியது. கேன் காலியாகும் வரை டீ போட்டு ஊற்றினாள். சந்தோஷமாக இருந்தாள், அதை மறைக்க வேண்டியதில்லை. யாரோ ஒருவர் எதிரில் உட்கார்ந்து, அவள் கொடுத்ததைக் குடித்தார்கள்.

வெயில் ஷெட்டின் தகரத்திலிருந்து இறங்கிச் சுவருக்கு வந்தது. அப்போதுதான் அலமாரியின் சத்தம் காதில் விழுந்தது. ஒரு டம்ளர் பக்கத்து டம்ளரில் லேசாக உரசுகிற கிணுகிணுப்பு. காற்று இல்லை. பஸ் போனால் பலகை அதிரும், பஸ்ஸும் போகவில்லை. முதல் தட்டில் ஆரம்பித்து, இரண்டாம் தட்டுக்கு வந்து, மூன்றாம் தட்டிலும் கேட்டது. பந்தியில் சோறு வராத இலைக்காரர்கள் அசைகிற மாதிரி இருந்தது.

"தண்ணி தீந்துபோச்சி," என்றாள் பொதுவாக. "குழாய்ல நாளைக்குத்தான் வரும்."

கிணுகிணுப்பு நின்றது.

இவரை மட்டும் எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று எழுந்தாள். டம்ளரைக் கையில் எடுத்தாள். அது சில்லென்று இருந்தது. அடியில் ஒரே ஒரு வாய் டீ மிஞ்சியிருந்தது. அவளுக்காக வைத்திருக்கிறார். அவள் கண்ணை மூடி உதட்டில் வைத்தாள்.

உதடு ஒட்டிக்கொண்டது.

பூச்சில்லாத சுட்ட மண்ணை நாக்கில் வைத்தால் பிடிக்கும், எச்சிலை இழுக்கும். அது மண்ணின் குணம். பூச்சு ஏறிய விளிம்பு பிடிக்காது. இது பிடித்தது. மெல்ல இழுத்துப் பார்த்தாள். உதட்டுத் தோல் கூடவே வந்தது. வலித்தது. நிறுத்தினாள்.

முதலில் எச்சில் போயிற்று. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பிறகு தொண்டை. அழ வேண்டும் போல இருந்தது. கண்ணில் ஒன்றும் ஊறவில்லை. இமை கண்ணில் உரசியது, மணல் மாதிரி.

அவருக்குத்தானே, என்று நினைத்தாள். குடிக்கட்டும்.

டம்ளர் செருமியது. உதட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் கேட்டபோது தெரிந்தது. கிழட்டுச் செருமல். வெற்றிலை போட்டு, பல் போன வாய். யாரோ. அவள் வாழ்நாளில் பார்த்தே இராத யாரோ.

பிடுங்கினாள். வரவில்லை. இரண்டு கையாலும். வரவில்லை. கைகளைப் பார்த்தாள். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

அலமாரியில், மூன்றாம் தட்டில், கோடியில், ஒரு குரல்.

"வளரு."

அவர்தான். இதில் சந்தேகமே இல்லை. எங்கே கேட்டாலும் தெரிந்திருக்கும்.

"வளரு. நாக்கு ஒட்டுதுடி. எனக்கும் கொஞ்சம் வையி."

அவள் நடந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. டம்ளர் உதட்டில் தொங்கியது, இழுத்துக்கொண்டே வந்தது. அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் தட்டின் கோடியைத் தேடி வலது கையை உள்ளே நீட்டினாள்.

முன்வரிசை டம்ளர்கள் நகர்ந்து வழிவிடவில்லை. ஒவ்வொன்றாக, விளிம்பைத் திருப்பிக்கொண்டு, அவள் கையின் மேல் வந்து உட்கார்ந்தன.