காசித்தும்பை இலையின் மறுபக்கம்

"கயித்த விட்றாதீயம்மா!" என்று மேலிருந்து கத்தினார் வழிகாட்டி மல்லன் காணி.

ஞானசுந்தரி அதைக் காதில் வாங்கவில்லை. அருவிச் சாரலில் நனைந்த செங்குத்துப் பாறையில், கையெட்டும் தொலைவில் அந்தக் காட்டுக் காசித்தும்பை பூத்து நின்றது. நாற்பது ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாத செடி!

ஓடையை மறித்து உல்லாச விடுதிக்கு நீர் கொண்டுபோகத் திட்டம் போட்டிருந்தார்கள். அழியும் நிலையிலுள்ள உயிர் ஒன்று அங்கே வாழ்வதைத் திங்கட்கிழமைக்குள் மெய்ப்பித்தால்தான் அதைத் தடுக்க முடியும். எந்த உயிர் என்பதில், தாவரவியல் ஆசிரியையான அவளுக்கும் தவளை ஆய்வாளன் இசக்கிராஜுக்கும் மலையேறிய இரண்டு நாளும் ஓயாத போட்டி.

"ஒங்க செடி எங்கயும் ஓடிராது டீச்சர். என் பாறைத்தவள நெலம அப்படியா?" என்று ஓடைக்குள்ளிருந்து சீண்டினான் அவன்.

"ஓட முடியாததுதாம்ல பாவம்! ஒந் தவள தத்தித் தத்தி அடுத்த ஓடைக்குப் போயிரும்."

இருபது செடி இருந்தால் ஒன்றைப் பறிக்கலாம் என்று மாணவர்களுக்கு விதி சொன்னவள் அவள். அங்கிருந்தவை மூன்றே. படம் எடுத்திருந்தாலே போதும். ஆயினும், வென்றுவிடும் வேகத்தில் பெரிய செடியை வேரோடு பிடுங்கினாள். செய்தித்தாளுக்குள் வைத்து, பலகைகளுக்கிடையே இறுக்கிக் கட்டினாள்.

நண்பகலில் இசக்கிராஜ் வெறுங்கையோடு வந்தான். "சத்தம் மட்டும் கேக்கு. ஆளையும் காணல, முட்டையையும் காணல."

நனைந்த தாளை மாற்றுவதற்காக ஞானசுந்தரி கட்டைப் பிரித்தாள். இலையின் அடிப்புறத்தில் கூழ்போன்ற முட்டைத்திரள் நசுங்கிக் கிடந்தது. அதனுள் பதினொரு கரும்புள்ளிகள். ஒன்றில் வால்கூட முளைத்திருந்தது.

மல்லன் காணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தவள எலைக்கடியிலதாம்மா முட்ட வைக்கும், எங்கிட்ட யாரும் கேக்கலியே. செடியப் பாக்கணும்னுதான சொன்னீய? பறிப்பீயன்னு எனக்குத் தெரியாதே."

இம்முறை மூவரும் கயிற்றில் இறங்கினார்கள். எஞ்சிய செடிகளுள் ஒன்றில், முட்டைகளருகே விரல்நுனி அளவில் ஒரு தவளை காவலிருந்தது! தொடாமல் படமெடுத்தார்கள். இந்தச் செடியில்லாமல் இந்தத் தவளையில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

"காத்துல விழுந்த செடின்னு எழுதிருவோம் டீச்சர்" என்றான் இசக்கிராஜ், இறங்கும் வழியில்.

"வேண்டாம்ல. எங் கைதான பிடுங்கிச்சு."

திங்கட்கிழமை நடந்த விசாரணையில் திட்டம் கைவிடப்பட்டது, ஓடை பிழைத்தது. அங்கே கூடியிருந்த எல்லாரும் கைதட்டினார்கள். ஞானசுந்தரி மட்டும் குனிந்து, உலர்ந்த செடியை ஒட்டிய அட்டையில் எழுதிக்கொண்டிருந்தாள்: 'பறித்தவர்: ஞானசுந்தரி. பறிக்கும் தேவை: இல்லை. எஞ்சியவை: இரண்டு.'