307-லிருந்து வந்த பதில்

ஹாரிம் பெட்டியோடு அந்தப் பழைய விடுதியில் வந்து இறங்கியபோது கடற்காற்றில் பல் தந்தியடித்தது. நர்ஸிங் கல்லூரியில் அவளுக்கு மூன்றாம் ஆண்டு. இந்தப் பருவத்துக்கு மூன்றாவது மாடியின் தலைவி அவள்தான். வேலை ஒன்றும் பிரமாதமில்லை. தினமும் காலை ஆறரைக்குக் கதவு கதவாக நின்று பெயர் கூப்பிட வேண்டும். உள்ளேயிருந்து குரல் வந்தால் பட்டியலில் ஒரு டிக். ஹாரிமின் பெயரை மட்டும் இரண்டாம் மாடித் தலைவி மிரான் படிக்கட்டில் நின்று கூப்பிடுவாள்.

சாவியைக் கொடுக்கும்போது வார்டன் பாங் அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"கதவைத் திறந்து முகத்தைப் பாரு. குரலை நம்பாதே."

தலையாட்டினாள். டிசம்பர் குளிரில் ஒவ்வொரு வாசலிலும் ஷூவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க யாரால் முடியும்? எல்லாத் தலைவிகளையும் போல வெளியிலிருந்தே கூப்பிட்டாள்.

தோழி ஊர் சுற்றப் போயிருந்தால் அறைத்தோழி அவள் குரலில் பதில் சொல்லிவிடுவாள் என்பது ஊரறிந்த ரகசியம். ஒரு கிம்பாப் சோற்றுச்சுருள் வாங்கிக் கொடுத்தால் போதும். முதலாண்டில் ஹாரிமே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அங்கே காட்டிக்கொடுப்பதை விடப் பெரிய பாவம் கிடையாது.

307-ஆம் அறையின் கயோங்தான் அவள் மனதை உறுத்தினாள். முதலாண்டுப் பெண். சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஸ்டெதஸ்கோப்பை யாருக்கோ கொடுத்தாள். பிறகு ஒருநாள், அந்தக் குளிரில், தன் பஞ்சுக் கோட்டைக் கொண்டுவந்து ஹாரிமிடமே நீட்டினாள்.

"நீங்க போட்டுக்கோங்கக்கா. எனக்கு இனிமே வேணாம்."

அன்றைக்கே ஆலோசனை அறைக்கு அனுப்பவேண்டிய படிவத்தை ஹாரிம் எழுதினாள். அனுப்பவில்லை. சின்னப் பெண்ணின் பெயர் கெட்டுவிடுமே, தனக்கும் போட்டுக்கொடுத்தவள் என்ற பெயர் வருமே என்று இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். கோழைத்தனம்தான். அதற்கு நல்ல மனசு என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

காலைதோறும் 307-லிருந்து "இருக்கேன்" என்று பதிலும் வந்துகொண்டிருந்தது. அதில் அவளுக்கு நிம்மதி.

வியாழக்கிழமை. இன்னும் விடியவில்லை. தாழ்வாரத்தில் ஈரக் கடற்பாசியின் வாடை.

"கயோங்."

"இருக்கேன்."

குரல் கட்டில் பக்கமிருந்து வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், யாரோ உதட்டைப் பலகையில் ஒட்டவைத்துச் சொன்ன மாதிரி இருந்தது.

"செபின்."

பதில் இல்லை.

"இதோ இருக்கேன்க்கா!" தாழ்வாரத்தின் கோடியில், குளியலறையிலிருந்து வாய் நிறைய நுரையோடு செபின் வந்தாள். கயோங்கின் அறைத்தோழி.

"கயோங் மட்டும் உள்ள என்ன பண்றா?" என்றாள் ஹாரிம்.

செபினின் முகம் வெளுத்தது. "திட்டாதீங்கக்கா. அவ திங்கக்கிழமை விடியறதுக்கு முன்னாலயே போயிட்டா. அன்னைக்கும் மறுநாளும் நான்தான் அவ குரல்ல சொன்னேன்."

"இப்ப?"

"இப்ப பல் விளக்கிட்டிருந்தேனே." செபினின் குரல் தேய்ந்தது. "நேத்தும் குளியலறையிலதான் இருந்தேன்."

ஹாரிம் கதவைத் திறந்தாள்.

யாருமில்லை. கயோங்கின் ஷூவும் இல்லை. அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் தரை கதகதவென்றிருந்தது. வாசலை ஒட்டி மட்டும் இரண்டு பாதங்களின் அளவுக்கு ஈரம். தொட்டால் விரல் விறைத்தது.

ஹாரிம் ஓடினாள். ஆலோசனை அறை, வார்டன், போலீஸ் என்று எல்லோரையும் எழுப்பினாள். பேருந்து நிலையத்தில் மூன்று இரவு முடங்கிக் கிடந்த கயோங், அன்று காலைதான் அலைத்தடுப்புச் சுவரின் நுனிக்குப் போயிருந்தாள். ரோந்துக்காரர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். உயிரோடு.

ஹாரிம் வாய்விட்டு அழுதாள். பாங் அம்மா அழவில்லை.

"ஆறு வருஷம் முன்னாடி இதே ரூம்ல ஒருத்தி. ஒம்போது நாள் அவளுக்காக இன்னொருத்தி பதில் சொன்னா. பத்தாம் நாள் கடல் ஒத்தை ஷூவைத்தான் கொடுத்துச்சு. அன்னைக்குப் பட்டியலை வெச்சுக்கிட்டு வெளியிலயே நின்னவ நான்தான்டி."

அதன்பின் மூன்றாவது மாடியில் ஒவ்வொரு கதவும் திறந்தது. ஒவ்வொரு முகத்தையும் ஹாரிம் பார்த்தாள்.

சனிக்கிழமை மலைக்கு அப்பாலிருந்த மருத்துவமனையில் கயோங்குக்குத் துணையாகத் தங்கிவிட்டு, ஆறரைக்குள் விடுதிக்குப் போய்விடலாமென்று ஞாயிறு விடியற்காலை முதல் பேருந்தில் திரும்பினாள். பயணி அவள் ஒருத்திதான். கணவாயில் வண்டி பனியில் சறுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. ஓட்டுநர் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார். அவள் கால் இருக்கைக்கு அடியில் சிக்கியிருந்தது. போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. கடைசியாகப் பேசிய எண்ணை அழுத்தினாள். மிரான் எடுத்தாள்.

"மிரான், நான் கணவாய்ல மாட்டிக்கிட்டேன். யாரையாவது அனுப்புடி, சீக்கிரம்!"

மிரான் சிரித்தாள். "யாருடி இது, ஹாரிம் போன்லேருந்து? காலங்காத்தால விளையாடறீங்களா?"

"நான்தான்டி, ஹாரிம்!"

"போடி. இப்பத்தான் படிக்கட்டிலேருந்து ஹாரிமைக் கூப்பிட்டேன். இருக்கேன்னு சொன்னாளே. டிக்கே போட்டாச்சு."

"கதவைத் திறந்து பாரு! மிரான், முகத்தைப் பாரு!"

இணைப்பு அறுந்தது.

சன்னலைப் பனி மூடிக்கொண்டு வந்தது. அவளுக்குப் பின்னால், காலி இருக்கைகளின் நடுவே, ஈரக் கடற்பாசியின் வாடை எழுந்தது.