கழுவிக் கவிழ்த்த வாளிகள்

ஊரின் மறுகோடியிலிருந்து, குண்டுகளுக்குத் தப்பி, கணவனைத் தேடி அவள் அந்த நிலவறைக்கு வந்து சேர்ந்தபோது அவன் செத்து நாலு நாளாகியிருந்தது.

"காய்ச்சல்மா. ரெண்டே நாள்ல போயிட்டாரு," என்றார் பொறுப்பாளர், சுவரைப் பார்த்தபடி. "இங்க சும்மா யாருக்கும் இடமில்ல. அவர் பார்த்த வேலையை நீ பாத்துக்கோ." ரப்பர் கையுறைகளை நீட்டினார்.

அழக்கூட அவகாசம் தரவில்லை.

உள்ளே பன்னிரண்டு குடும்பங்கள். குடும்பத்துக்கொரு மல வாளி. படுக்கப் போகுமுன் எல்லோரும் கடைசி அறையில் கொண்டுவந்து வைப்பார்கள். காலை மணி அடித்ததும் அவள் அவற்றை அந்த அறையின் தரைக்குழியில் கொட்டி, கழுவி, சுண்ணாம்புத் தூள் தூவித் திருப்பித் தரவேண்டும்.

மறுநாள் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு போனாள். நாற்றமே இல்லை. பன்னிரண்டு வாளிகளும் கழுவிக் கவிழ்த்திருந்தன.

குழியின் இரும்பு மூடி தாழிட்டிருந்தது. அதற்கடியில் ஒரு சத்தம்.

துடைப்பம் தேய்க்கிற சத்தம்.

பதறி ஓடிவந்தவளை, அங்கே தங்கியிருந்த நர்ஸ் ஒருத்தி ஓரமாக இழுத்தாள்.

"கேட்டுச்சாக்கா?" குரல் கிசுகிசுத்தது. "அவருக்குக் காய்ச்சலே இல்ல. அடைப்பெடுக்கக் குழிக்குள்ள இறங்கினாரு. விஷவாயு. மயங்கிட்டாரு. அப்புறம் முழிச்சுக் கூப்பிட்டாரு. நாத்தம் பரவுதுன்னு மூடிட்டாங்க."

"நீ எங்கடி இருந்த?"

நர்ஸ் அவள் கையை விட்டாள்.

"அன்னிலேருந்து வாளியெல்லாம் தானா சுத்தமாகுது. எல்லாருக்கும் தெரியும். கொண்டுபோய் வைக்கிறாங்க. திருப்பி எடுக்கத்தான் பயம். அதான் உங்கள வச்சிருக்காங்க."

அவள் நேராகப் போய்த் தாழை நீக்கி, மூடியைத் தூக்கினாள்.

இருட்டு.

தேய்க்கிற சத்தம் சட்டென்று நின்றது.

"போதுங்க," என்றாள் குனிந்து. "செத்தும் இவங்களுக்குக் கழுவணுமா? விட்டுடுங்க."

கீழே, சேற்றில், ஏதோ மெல்ல நகர்ந்தது.

அன்று மாலை அவளுக்கென்றும் ஒரு வாளி கொடுத்தார்கள். படுக்கப் போகுமுன் அவளும் அதைக் கடைசி அறையில் வைத்தாள்.

விடிந்தபோது நிலவறை முழுக்கக் குடலைப் புரட்டும் நாற்றம். அவள் பாயைச் சுற்றிக் கூட்டம். குழியை மூடியபோது அவன் கத்தியது அந்த அத்தனை பேர் காதிலும் விழுந்திருந்தது. செத்தவனுக்காக ஒரு சொல் சொல்ல யாருமில்லை.

"ஒரு வார்த்தை சொல்லும்மா," பொறுப்பாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "நீ சொன்னா கேப்பாரு. வேலை அப்படியே கிடக்கு."

"உயிரோட கூப்பிட்டாரே, அப்ப நீங்க கேட்டீங்களா?"

கையுறைகளைப் பொறுப்பாளர் காலடியில் எறிந்துவிட்டு, கிளம்பிவிடும் முடிவோடு, தன் வாளியை மட்டும் கழுவிவைக்கக் கடைசி அறைக்குப் போனாள்.

பன்னிரண்டு வாளிகள் வழிந்துகொண்டிருந்தன. ஈ மொய்த்தது.

சற்றுத் தள்ளி, சுத்தமான மூலையில், அவளுடையது மட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தது. அதன் விளிம்பிலிருந்து இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.