தனி ஆளுக்கு அனுமதி இல்லை

"ஏங்க... அது என் நாற்காலி!"

பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் காலியாக இருந்தது அந்த ஒரே நாற்காலிதான். அதில் அவள் வைத்துவிட்டுப் போன கைப்பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தான் அவன்.

"உங்க பையைப் பத்திரமாத்தானே வச்சிருக்கேன்?"

"ரொம்ப உபகாரம். எந்திரிங்க!"

எழுந்தான். எழும்போதே சிரித்தான். அந்தக் கண்கள்... இப்போதுதான் தூங்கி விழித்த மாதிரி ஒரு சோம்பல், அதற்குள்ளே ஒரு குறும்பு. அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில் இருவருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது. காய்ச்சல் பரவுவதால் பக்கத்து நாட்டுக்குத் தனி ஆளாகப் போக அனுமதி இல்லை. ஒருவர் படுத்துவிட்டால் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டுமாம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி மூக்குக்கண்ணாடியை இறக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்கதான் மழையே இல்ல, ரெண்டு பேருமே மழை பார்க்கத்தானே போறீங்க? தனித்தனி ரூம் போட்டுத் தர்றேன். சேர்ந்தே விண்ணப்பம் குடுங்களேன்..."

"இவர்கூடவா?"

"இவங்ககூடவா?"

ஒரே நேரத்தில் கேட்டுவிட்டு, ஒரே நேரத்தில் சிரித்தும்விட்டார்கள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். காலையிலிருந்து சாயங்காலம்வரை யாருடைய முழங்காலையாவது மடக்கி நீட்டிக்கொண்டிருப்பவள். அவன் லிஃப்ட் மெக்கானிக். "நாள் பூரா இருட்டுக் குழிக்குள்ள நிக்கிறவன்ங்க நான். தலைக்கு மேல ஒரு வானம், அதுல இருந்து மழை... அவ்வளவுதான் வேணும்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் அவள் விழுந்துவிட்டாள். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் அவள் கிளினிக்குக்கு எதிரே இருந்த காபிக் கடையில் சந்திப்பு. மேசை முழுக்க வரைபடம். வாரத்துக்கு ஒரு விதி மாறியது. விதி மாற மாற இவர்கள் திட்டமும் மாறியது.

"போனதும் நாலு நாள் ரூமுக்குள்ளயே அடைச்சு வைப்பாங்களாம். என்ன பண்றது டாக்டரம்மா?"

"நான் டாக்டர் இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது? ஜன்னல் இருக்கும்ல... மழையைப் பாருங்க."

"பக்கத்து ஜன்னல்ல நீங்க இருப்பீங்க..."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் ஒரே மழையைப் பார்த்துட்டிருப்போம்னு சொன்னேன்."

அன்று அவள் காபி ஆறியே போனது.

மஞ்சள் நிறத்தில் ஒரு மழைக்கோட்டு வாங்கினாள். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது அக்கா பிடித்துவிட்டாள்.

"வெயில் மண்டையைப் பிளக்குது, இந்தக் கோலத்துல நிக்கிற... யாருடி அவன்?"

"போக்கா, அதெல்லாம் யாரும் இல்ல!"

அனுமதி வந்தது. வாங்கப் போன இடத்தில் அந்தப் பெண்மணி பூரித்துப் போய்க் கேட்டார். "சேர்த்து வச்சது நான்தான். கல்யாணச் சாப்பாடு எப்போ?"

"ஐயையோ, அப்படியெல்லாம் எதுவும் இல்லைங்க!" அவன் பதறினான். "அனுமதிக்காகத்தான் சேர்ந்தோம். வேற ஒண்ணுமே இல்ல."

வேற ஒண்ணுமே இல்லையா...

வீட்டுக்கு வந்ததும் அவனுக்குச் செய்தி அனுப்பினாள். 'லீவு கிடைக்கல. நான் வரல.' ஏன் என்று ஒரு வார்த்தை கேட்பான், கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'சரிங்க' என்று பதில் வந்தது.

அவள் இடத்தில் தன் சித்தப்பாவைச் சேர்த்துக்கொண்டு அவன் கிளம்பிப் போனான். போய் இறங்கிய கொஞ்ச நாளிலேயே எல்லையை முழுசாக மூடிவிட்டார்கள். அங்கே இருந்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். இங்கே வெயில் காய்ந்துகொண்டே இருந்தது. எத்தனையோ தடவை அவன் எண்ணை எடுத்து, எடுத்த வேகத்தில் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் கிளினிக்கில் இருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"டாக்டரம்மா..."

குரலுக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டியது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சித்தப்பா... எப்படி இருக்கார்?"

"அவருக்கென்ன, மழையையே தோக்கடிக்கிற மாதிரி குறட்டை விடுறார்." சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "கைக்காசு தீர்ந்துபோச்சு. இங்க ஒரு ஆஸ்பத்திரியில லிஃப்ட் வேலை கிடைச்சுது. ஒப்பந்தம் போட்டுட்டேங்க. எல்லை திறந்தாலும் ரெண்டு வருஷம் வர முடியாது." குரலைத் தாழ்த்தினான். "அன்னைக்கு... நிஜமாவே லீவு கிடைக்கலையா?"

"பொய்."

"ஏங்க?"

எந்தக் கேள்விக்காக அன்றைக்குக் காத்துக் கிடந்தாளோ, அது இப்போது வந்தது...

"வேற ஒண்ணுமே இல்லைன்னீங்க. இருக்குன்னு நெனச்சுத்தான் நான் மழைக்கோட்டெல்லாம் வாங்கினேன்."

"அந்தம்மா உங்களைத் தப்பா நெனச்சிடக் கூடாதுன்னு சொன்னேங்க. நீங்க வரலைன்னதும், என்கூட வரப் பிடிக்கலபோலன்னு... நானே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நானும் சொல்லியிருக்கலாம். உங்களை எனக்குப் பிடிக்கும்னு... அப்பவே சொல்லியிருக்கலாம்."

தகரக் கூரையில் மழை வலுத்தது.

"எனக்கும்தாங்க" என்றான். "ஆனா காத்திருங்கன்னு கேக்க எனக்கு என்ன உரிமை இருக்கு?"

"கேக்காம இருந்துதானே இந்த லட்சணம்... கேளுங்க."

தயங்கித் தயங்கி, ஒவ்வொரு வார்த்தையாக, அவன் கேட்டான். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். அது அவனுக்குத் தெரியாதே என்று உறைத்ததும், வாய்விட்டுச் சொன்னாள்.

"காத்திருக்கேன்."